தூண்களின் தாய்

சுற்றுலா என்று புறப்பட்டுத் திருயாத்திரை செய்து திரும்பியவர்கள் உண்டு. திருயாத்திரை என்று புறப்பட்டு வெறும் சுற்றுலா முடித்து வந்தவர்களும் உண்டு. 2023ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எனக்கு வாய்த்தது முதல் வகை. பாலைவனத்தில் ஜீப் வண்டியில் உல்லாசமாகச் சுற்றி வரவே நாங்கள் போனோம். போன இடத்தில் என் தகப்பனாரைச் சந்திப்பேன் என்று நான் எண்ணியிருக்கவில்லை. அவர் இறைவனடி சேர்ந்து அப்பொழுது முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

என் மகன் ஜோர்டான் நாட்டில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு அலுவலராகப் பணியாற்றுகின்றான். கிறிஸ்து பிறப்பு விழாவை ஒருமுறையேனும் அவன் குடும்பத்தோடு கொண்டாட வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் ஆசை. அதற்காக 2022 டிசம்பரில் இருவரும் அம்மான் நகரம் சென்றோம். நம் ஆண்டவர் திருமுழுக்குப் பெற்ற யோர்தான் ஆற்றங்கரையில் மண்டியிட்டோம். மோசே வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்ணால் மட்டும் கண்டு கண்மூடிய நேபோ மலையில் நின்றோம். மதாபா நகரத்துக் கோயிலின் தரையில் வண்ணக் கற்களால் பதிக்கப்பட்டிருக்கும் ஆறாம் நூற்றாண்டுத் திருநாட்டு வரைபடத்தைக் குனிந்து குனிந்து பார்த்தோம்.

பதினொரு வயதுப் பேரனுக்கு இவை எல்லாம் போதும் போதும் என்றாகிவிட்டது. "அப்பா, கோயில்கள் பார்த்தாயிற்று. இனி இவனுக்காக ஒரு பயணம் போவோம்" என்றான் மகன். பாலைவனத்தில் வழிகாட்டியோடு ஜீப் பயணம், பழங்காலச் செம்புச் சுரங்கம், இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தங்கும் விடுதி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் உண்டாம். இடத்தின் பெயர் பைனான்.

'சுரங்கம்' என்ற சொல் காதில் விழுந்ததும் நான் சற்றுத் தயங்கினேன். காரணத்தை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்லும்படியான காரணம் ஒன்று இருந்ததாகவும் எனக்கு அப்பொழுது தெரியவில்லை.

மணலிலே சிக்கிய வண்டி

அம்மானிலிருந்து சாலை சாக்கடல் வரையில் இறங்கிக்கொண்டே செல்கின்றது. உலகின் தரைப்பரப்பில் மிகத் தாழ்ந்த இடம் அதுவே. கடல் மட்டத்துக்கும் 430 மீட்டருக்கு மேல் கீழே உள்ளது. அதைக் கடந்து தெற்கே போனால் வாதி அரபா என்னும் அகன்ற பள்ளத்தாக்கு. வலப்பக்கம் எல்லைக்கு அப்பால் இஸ்ரயேல் நாட்டுக் குன்றுகள். இடப்பக்கம் பழைய ஏதோம் நாட்டுச் சிவந்த மலைகள். தார்ச்சாலை முடியும் சிற்றூரில் மகனின் காரை விட்டுவிட்டு, பெதுவீன் மக்கள் ஓட்டும் திறந்த வண்டி ஒன்றில் ஏறினோம். அதன் பிறகு சாலை என்று ஒன்றும் இல்லை. காய்ந்த ஆற்றுப்படுகையும் உருண்டைக் கற்களும் ஆங்காங்கே வேல மரங்களுமே வழி.

விடுதியைக் கட்டியது இயற்கைப் பாதுகாப்புக்கான அரச கழகம் என்னும் அந்நாட்டு நிறுவனம். 2005ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அவ்விடுதியில் பணிபுரிகின்றவர்கள் சுற்றுவட்டாரப் பெதுவீன் மக்களே. இரவில் அறைதோறும் மெழுகுவத்திகளை ஏற்றி வைக்கின்றார்கள். அந்த மங்கிய ஒளியில் நாங்கள் செபமாலை சொன்னபோது, எங்கள் வீட்டில் மின்விளக்கு இல்லாத காலம் திரும்பி வந்தாற்போல் இருந்தது.

மறுநாள் காலை எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டிக்கு நாற்பது வயது இருக்கலாம். ஆங்கிலம் நன்றாகப் பேசினார். என்னை மட்டும் 'அம்மி' என்றே அழைத்தார். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். நம் வீட்டு அம்மிக் கல்லைப் பற்றி மகன் அவருக்கு விளக்கவே, அவரும் சிரித்தார். அரபு மொழியில் அச்சொல்லுக்குத் தந்தையின் உடன்பிறந்தவர் என்று பொருளாம். மூத்தவர்களை அவ்வாறு அழைப்பது அவர்கள் மரபு. முழங்கால் வலியால் என் மனைவியும், அவளுக்குத் துணையாக மருமகளும் விடுதியில் தங்கிவிட, நாங்கள் நால்வரும் புறப்பட்டோம்.

மணல் மேடுகளில் ஜீப் ஏறி இறங்கும்போது குடல் வாய்க்கு வருவது போன்ற உணர்ச்சி. பேரன் ஆரவாரம் செய்தான். நான் முன்னிருக்கைக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு மங்கள வார்த்தை செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓர் இறக்கத்தின் அடியில் பின்சக்கரங்கள் இரண்டும் மணலில் புதைந்துவிட்டன. 'இன்னும் வேகமாக முடுக்கினால் வந்துவிடும்' என்று மகன் சொன்னான். வழிகாட்டி தலையசைத்து மறுத்து இறங்கினார். நான்கு சக்கரங்களிலும் காற்றைச் சீறிப் போகவிட்டு, டயர்கள் தொய்ந்து அகலும் வரை காத்திருந்தார். கையாலேயே மணலைத் தோண்டித் தட்டைக் கற்களை அடியில் வைத்தார். வேகமாகச் சுழலும் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். காற்றைக் குறைத்தால் டயரின் அகலம் கூடி, மணலின் மேல் மிதந்தாற்போல் வரும் என்று பேரனுக்கு விளக்கினார். நாங்கள் மூவரும் பின்னால் நின்று தள்ள, வண்டி முனகிக்கொண்டு மேலே வந்தது.

பள்ளத்தாக்குக்குள் நுழையுமுன் அவர் வண்டியை நிறுத்திக் கிழக்கே மலையுச்சியை நெடுநேரம் பார்த்தார். இங்கே வானம் கண்ணாடிபோல் இருக்கும். மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். சற்று நேரத்தில் வெள்ளம் ஆளுயரத்துக்குச் சுவர்போல் வரும். ஆகையால் பாலைவனத்தில் வாழ்கின்றவன் தன் தலைக்கு மேலுள்ள வானத்தை நம்புவதில்லை, தொலைவிலுள்ள மலையையே பார்ப்பான் என்றார்.

கறுத்த மண்

சிவந்த மலைகளுக்கிடையே ஒரு திருப்பத்தில் நிலம் திடீரெனக் கறுத்தது. தீப்பிடித்து எரிந்த இடமோ என்று எண்ணினேன். இறங்கி ஒரு கட்டியைக் கையில் எடுத்தேன். கண்ணாடிபோல் வழவழப்பு, இரும்புபோல் கனம். செம்பை உருக்கியபின் எஞ்சிய கசடு அது. அவ்விடத்துக்குக் கிர்பத் அந்நஹாஸ் என்று பெயர். 'செம்பின் பாழிடம்' என்று பொருள். அங்கே மட்டும் ஏறத்தாழ 50,000 முதல் 60,000 டன் வரை கசடு கிடக்கின்றது என்று கணக்கிட்டிருக்கின்றார்கள். அமெரிக்க அறிஞர் தாமஸ் லெவி, ஜோர்டான் அறிஞர் முகமது நஜ்ஜார் ஆகியோர் தலைமையில் 2002ஆம் ஆண்டிலும் 2006ஆம் ஆண்டிலும் அகழாய்வு நடைபெற்றது. கிறிஸ்துவுக்கு முன் பத்தாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கே உலைகள் பெரிய அளவில் எரிந்தன என்று தெரியவந்தது. அது தாவீது, சாலமோன் அரசர்களின் காலம் என்பதால், 'சாலமோனின் சுரங்கம்' என்று செய்தித்தாள்கள் எழுதின. அறிஞர்கள் அதில் இன்னும் ஒருமனப்படவில்லை.

சாலமோனோ, ஏதோம் நாட்டு அரசனோ, எவரும் அந்த உலைக்கு அருகே நின்றிருக்கப் போவதில்லை. நின்றவன் துருத்தி மிதித்தவன். வேல மரத்தை வெட்டிக் கரியாக்கிச் சுமந்தவன். பச்சை படர்ந்த கல்லைப் பொடித்தவன். பச்சை நிறக் கல் நெருப்புக்குள் சென்று சிவந்த உலோகமாக ஒழுகி வருவதைப் பகலும் இரவும் கண்டவன் அவனே. அவன் பெயர் எங்கும் இல்லை. அவன் கொட்டிய கசடு மட்டும் மூவாயிரம் ஆண்டுகளாக மறையாமல் கிடக்கின்றது. பழைய உலைகளும் சுரங்கங்களும் விட்டுச்சென்ற செம்பும் ஈயமும் இன்றுவரை இப்பகுதியின் மண்ணில் கலந்திருப்பதை ஆங்கில நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கின்றார்கள். அங்கே முளைக்கும் செடியிலும், அதை மேயும் ஆட்டிலும்கூட அது சிறிதளவு ஏறுகின்றதாம்.

பைனோவின் வேதசாட்சிகள்

அங்கிருந்து பைனான் ஊரின் இடிபாடுகளுக்கு வந்தோம். இந்த ஊர் நம் திருநூலில் உள்ளது. எண்ணிக்கை நூலின் 33ஆம் அதிகாரத்தில், இஸ்ரயேல் மக்கள் பாலைவனப் பயணத்தில் பாளையம் இறங்கிய இடங்களின் பட்டியலில் பூனோன் என்று ஓரிடம் வருகின்றதல்லவா? அது இவ்விடமே என்பது அறிஞர் கருத்து. மோசே வெண்கலப் பாம்பை உயர்த்திய நிகழ்ச்சியும் இந்தச் சுற்றுப்புறத்திலேதான் நடந்திருக்க வேண்டும் என்று சொல்வோர் உளர்.

உரோமையர் காலத்தில் இதற்குப் பைனோ என்று பெயர். அவர்கள் கட்டிய நீர்க்கால்வாயும் நீர்த்தொட்டியும் இன்னும் காணக் கிடக்கின்றன. இடிந்த சுவர்களைச் சுட்டிக்காட்டி, "அம்மி, இவை உங்கள் மக்களின் கோயில்கள். இங்கே கிறிஸ்தவர்களைச் சங்கிலியிட்டு வேலைக்குக் கொண்டுவந்தார்கள் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கின்றார்கள்" என்றார் வழிகாட்டி. அவர் இஸ்லாமியர். எங்கள் முன்னோரின் துன்பத்தை அவர் எங்களுக்குச் சொல்லித் தரவேண்டியிருந்தது. நாற்பதாண்டு காலம் வரலாற்று ஆசிரியனாக இருந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

ஊர் திரும்பிய பிறகு, செசாரியாவின் ஆயர் யூசேபியுஸ் எழுதிய பாலஸ்தீன வேதசாட்சிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அவர் அந்தக் காலத்திலேயே வாழ்ந்தவர்; பலரை நேரில் அறிந்தவர். 303ஆம் ஆண்டில் தியோக்கிளேசியன் பேரரசன் தொடங்கிய கலாபனையில், விசுவாசத்தை மறுதலிக்காத பலரைக் கொல்லாமல் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். அனுப்புமுன் வலக் கண்ணைப் பறித்தார்கள்; இடக் காலின் நரம்பைச் சூட்டுக்கோலால் பொசுக்கினார்கள். எகிப்து நாட்டிலிருந்து பெண்களும் குழந்தைகளும் உட்பட 97 பேர் ஒரே கூட்டமாகக் கொண்டுவரப்பட்டு இத்தண்டனை பெற்றதை அவர் குறிப்பிடுகின்றார். கொலைகாரன்கூடப் பைனோவில் சில நாள்களுக்கு மேல் உயிர் வாழ்வது அரிது என்னும் கருத்தைப் புனித அத்தனாசியுஸ் பின்னாளில் எழுதி வைத்திருக்கின்றார்.

அப்படிப்பட்ட இடத்தில் அந்த ஒற்றைக் கண்ணர்களும் நொண்டிகளும் என்ன செய்தார்கள் தெரியுமா? வேலை ஓய்ந்த நேரத்தில் கூடிச் செபிக்கக் கோயில் வீடுகளை அமைத்துக்கொண்டார்கள். செய்தி ஆளுநன் வழியாகப் பேரரசன் காதுக்கு எட்டியது. கூட்டத்தைப் பிரித்துச் சிலரைச் சைப்பிரசு தீவுக்கும் சிலரை லீபனோன் பகுதிக்கும் விரட்டினார்கள். பேலேயுஸ், நீலுஸ் என்னும் எகிப்து ஆயர்கள் இருவரையும் மற்றும் இருவரையும் எரித்துக் கொன்றார்கள். முதுமையாலும் ஊனத்தாலும் வேலைக்கு உதவாதவர்கள் தனியே ஓரிடத்தில் விடப்பட்டிருந்தார்கள். காசா நகரத்து ஆயர் சில்வானுஸ் அவர்களுக்குத் தலைவர். ஏறக்குறைய 310ஆம் ஆண்டில், ஒரே நாளில், அவர்களுள் 39 பேர் தலை வெட்டப்பட்டு வேதசாட்சிகளானார்கள்.

அவர்களுள் யோவான் என்னும் எகிப்தியர் ஒருவர். நம் முன்னோர் வழக்கில் சொன்னால் அருளப்பர். முன்பே பார்வையிழந்திருந்த அவருடைய கண்ணையும் விட்டுவைக்காமல் சுட்டார்கள். அவர் வேதநூல்களை முழுமையாக மனப்பாடம் செய்திருந்தவர். ஒருமுறை திருக்கூட்டத்தில் அவர் நின்று வேதபாகம் சொல்வதைக் கேட்ட யூசேபியுஸ், ஏட்டைப் பார்த்து வாசிக்கின்றார் என்றே முதலில் எண்ணினாராம். அருகே சென்று பார்த்த பிறகே அவருக்கு விழி இல்லை என்பது தெரிந்ததாம். இதைப் படித்த அன்று இரவு என்னால் உறங்க இயலவில்லை.

நான்கைந்து பெயர்களை யூசேபியுஸ் காப்பாற்றித் தந்தார். மற்றவர்களின் பெயர்களை இறைவன் ஒருவரே அறிவார்.

மலைக்குள்ளே

நண்பகலுக்கு முன் ஜீப் போகக்கூடிய எல்லை முடிந்தது. அங்கிருந்து ஒன்றரை மணி நேர ஏற்றம். கைத்தடி ஊன்றி, நூறு அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கி, அறுபத்தொன்பது வயதில் நான் ஏறிச் சேர்ந்ததைப் பேரன் இன்றும் பெருமையாகச் சொல்கின்றான். மலைச்சரிவில் ஒரு கரிய வாய் திறந்திருந்தது. உரோமையர் வெட்டிய செம்புச் சுரங்கம். உம் அல் அமத் என்று பெயர்; 'தூண்களின் தாய்' என்று பொருளாம்.

வாயிலில் குனிந்து நுழைந்ததும் வழிகாட்டி செய்த முதல் காரியம், கைவிளக்கை மேலே உயர்த்திக் கூரையைப் பார்த்தது. தரையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. கூரையை மூலைக்கு மூலை பார்த்துவிட்டு, பிறகே எங்களை உள்ளே வரச்சொன்னார்.

அந்தப் பார்வையைக் கண்ட கணத்தில் என் கால்கள் நின்றுவிட்டன. அது என் அப்பாவின் பார்வை.

என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. வட ஆர்க்காட்டுச் சிற்றூரிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன ஆயிரமாயிரம் தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. சங்கு ஊதும், அப்பா பித்தளை வில்லையை வாங்கிக்கொண்டு கூண்டில் இறங்குவார். அங்கே சில சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானவை. அவ்வளவு ஆழத்தில் பாறையே கொதிக்கும். அவர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் நிமிர்ந்து கூரையைப் பார்ப்பார். உறவினர் வீட்டு விருந்தாக இருந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமைப் பூசையாக இருந்தாலும் சரி, வாசற்படியில் ஒரு கணம் நின்று மேலே பார்த்துவிட்டே அடியெடுத்து வைப்பார். 'அப்பா ஓட்டு எண்ணுகின்றார்' என்று பிள்ளைகள் நாங்கள் கேலி செய்வோம். அவர் புன்னகை செய்வார். ஏன் பார்க்கின்றீர்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

உள்ளே விளக்கொளியில், வெட்டாமல் விடப்பட்ட பாறைத் தூண்கள் வரிசையாகத் தெரிந்தன. நீளம் நூறு மீட்டருக்கு மேல். அகலம் அதில் பாதி இருக்கும். உயரமோ ஓர் ஆள் கையை உயர்த்தினால் தொட்டுவிடும் அளவுதான். செம்பு படிந்த பாறையை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, மலை தலைமேல் விழாமலிருக்கத் தூண்களை மட்டும் விட்டுவைத்திருக்கின்றார்கள். சுவரெங்கும் உளியின் தடங்கள். ஒவ்வொரு தடமும் ஒரு மனிதனின் ஒரு வீச்சு. நான் ஒரு தடத்தில் விரலை வைத்தேன். ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் விளிம்பு கூர்மையாகவே இருந்தது.

"விளக்குகளை அணைப்போமா?" என்று கேட்டார் வழிகாட்டி. வருகின்றவர்களுக்கு அவர் காட்டும் வேடிக்கைகளுள் அதுவும் ஒன்று. அணைத்தோம். கண் மூடியிருக்கின்றதா திறந்திருக்கின்றதா என்பதே தெரியாத இருள். எங்கோ வௌவாலின் சிறகடிப்பு. அந்த இருளில் பேரனின் குரல் கேட்டது.

"தாத்தா, உங்கள் அப்பாவும் இப்படிப்பட்ட இடத்தில்தானே வேலை செய்தார்? உள்ளே அவர் என்ன செய்வார்?"

என்னிடம் பதில் இல்லை.

வாசகர்களே, இந்த இடத்தில் நான் ஒன்றை அறிக்கையிட வேண்டும். 1970ஆம் ஆண்டில் நான் கல்லூரியில் சேரும்பொழுது, விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'அரசு ஊழியர்' என்று எழுதினேன். தங்கச் சுரங்கங்கள் 1956ஆம் ஆண்டிலேயே அரசுடைமை ஆகிவிட்டன. ஆகவே அது பொய்யன்று. ஆனால் உண்மையும் அன்று. உடன் படிக்கப்போகின்ற பட்டணத்துப் பிள்ளைகளின் கண்ணில் நான் கூலிக்காரன் மகனாகத் தெரியக்கூடாது என்பதே என் எண்ணம். அப்பாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். அந்த வரியின் கீழே விரலை ஓட்டி, ஒருமுறைக்கு இருமுறை வாசித்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஓய்வு பெற்ற பின்பு, "ஒருநாள் என்னோடு வா, ஷாஃப்ட் வாயையாவது காட்டுகின்றேன்" என்று இரண்டு மூன்று முறை அழைத்தார். எனக்குத் தேர்வுத் தாள் திருத்தும் வேலை இருந்தது; பிறகு பிள்ளைகளின் படிப்பு; பிறகு வேறு ஏதோ. 1991இல் அவர் காலமானார். 2001இல் சுரங்கங்களையும் மூடிவிட்டார்கள். அழைத்தவரும் இல்லை, காட்ட நினைத்த இடமும் இல்லை.

"தாத்தா?" என்றான் பேரன் மறுபடியும்.

"எனக்குத் தெரியாது அப்பா. நான் அவரைக் கேட்டதே இல்லை" என்றேன்.

வழிகாட்டி விளக்கை ஏற்றினார். என் முகத்தைப் பார்த்த மகன் வாய் திறக்கவில்லை. பேரன் மட்டும் அருகே வந்து என் கையைப் பற்றிக்கொண்டான். வெளியே வரும்வரை அவன் விடவில்லை.

அடுப்பைச் சுற்றி

இறங்கி வந்தபோது மாலை மயங்கிக்கொண்டிருந்தது. வழிகாட்டி சுள்ளிகளைக் கொளுத்தி, மாவைப் பிசைந்து தட்டித் தணலுக்குள் புதைத்து ரொட்டி சுட்டார். ஏலக்காய் மணக்கும் காபியும் தந்தார். இப்பொழுது இந்த மலைகளில் செம்பு எடுக்கின்றார்களா என்று கேட்டேன். அவர் உடனே விடை கூறவில்லை. பைனானை அடுத்துள்ள தானா உயிர்க்கோளக் காப்பகத்தின் ஒரு பகுதியைச் செம்பு அகழ்வுக்காகப் பிரித்தெடுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் அரசு முடிவு செய்தது. இயற்கைப் பாதுகாப்புக் கழகமும் மக்களுள் பலரும் அதை எதிர்த்தார்கள். "எங்கள் இளைஞர்களில் சிலர் சுரங்கம் வந்தால் வேலை கிடைக்கும் என்கின்றார்கள். சிலர் மலை போய்விட்டால் ஆடும் போய்விடும், விருந்தாளிகளும் வரமாட்டார்கள் என்கின்றார்கள். இரண்டு பக்கத்திலும் பசிதான் பேசுகின்றது, அம்மி" என்றார்.

பசியினால் சுரங்கத்துக்குள் இறங்குகின்றவனும், சங்கிலியினால் இறக்கப்படுகின்றவனும் ஒன்றல்லர். என் அப்பா தம் விருப்பப்படி சென்றவர், கூலி பெற்றவர். அவரைப் பைனோவின் வேதசாட்சிகளோடு ஒப்பிட நான் துணியவில்லை. ஆயினும் பூமிக்கடியில் வியர்வை சிந்தியவனை, மேலே வெயிலில் நடக்கின்றவன் மறந்துபோவது மட்டும் இரண்டிடத்திலும் ஒன்றே. செம்புக் குடத்தைத் துலக்கி அழகு பார்க்கின்றோம். தங்கத் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கின்றோம். கல்லை வெட்டிய கை எது என்று நாம் கேட்பதில்லை. யோபு ஆகமத்தின் 28ஆம் அதிகாரத்தைக் குடும்பச் செபத்தில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஒருவரும் நடமாடாத இடத்தில் பாறையைக் குடைந்து, கயிற்றில் தொங்கி உலோகம் தேடுகின்ற மனிதனைப் பற்றி அங்கே பேசப்படுகின்றது. அவ்வளவு ஆழத்தைத் தோண்டத் தெரிந்தவனுக்கும் ஞானம் இருக்கும் இடம் தெரியவில்லை என்று அது சொல்கின்றது. எனக்குக் கல்லூரிப் படிப்பு இருந்தது. ஆனால் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த ஞானத்தின் அருகே ஒரு மணி நேரம் உட்கார எனக்குத் தோன்றவில்லை.

அதே ஆண்டு கோடை விடுமுறைக்கு மகன் குடும்பத்தோடு ஊருக்கு வந்தபோது, நாங்கள் அனைவரும் கோலார் தங்கவயலுக்குச் சென்றோம். துருப்பிடித்து நிற்கும் ஷாஃப்ட் கோபுரத்தையும் மலைபோல் குவிந்த கழிவு மண்மேடுகளையும் பேரனுக்குக் காட்டினேன். அப்பாவோடு வேலை செய்த முதியவர் ஒருவர் இன்னும் உயிரோடிருந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டியவர். நான் அவர் காலடியில் அமர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். அப்பாவுக்குத் துளை போடும் வேலை என்றும், பாறை எழுப்பும் சிறு ஓசையைக் கேட்டே அது நிற்குமா விழுமா என்று சொல்லிவிடுவார் என்றும், ஒருமுறை அவர் "வெளியே ஓடுங்கள்" என்று கூவியதனால் நான்கு பேர் பிழைத்தார்கள் என்றும் அவர் சொன்னார். "அந்த நாலு பேரில் நானும் ஒருத்தன்" என்று முடித்தார். எங்கள் வீட்டில் இது ஒருவருக்கும் தெரியாது.

கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் கல்லில் பெயரும் இரண்டு தேதிகளும் மட்டுமே இருந்தன. கல் தச்சர் ஒருவரை அழைத்து, அவற்றின் கீழே 'சுரங்கத் தொழிலாளி' என்று பொறிக்கச் சொன்னேன். அவர் உளியை வைத்துத் தட்டத் தொடங்கியதும், பேரன் குனிந்து அந்தத் தடங்களைப் பார்த்தான். "தாத்தா, அந்த மலையில் பார்த்தது போலவே இருக்கின்றது" என்றான்.

உங்கள் தந்தையோ தாயோ இன்னும் உயிரோடிருந்தால், இன்று இரவு உணவுக்குப் பின் அவர்கள் அருகே சிறிது நேரம் அமருங்கள். அவர்கள் என்ன வேலை செய்தார்கள், அது எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர்கள் கண்மூடியிருந்தால், நவம்பர் மாதத்தில் பூசைக்குப் பெயர் கொடுக்கும்போது, அவர்கள் செய்த தொழிலையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பெயர் தெரியாமல் பூமிக்கடியில் உழைத்து மடிந்த அனைவருக்கும் ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியை அளிப்பாராக.